ஒரே மாதிரிக் குப்பை

தேன்மொழிக்குக் கண் எரிந்தது. காலையிலிருந்து அதே எக்செல் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தர்மபுரியில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று கொடுத்த வேலை அது. ஊர் ஊராகக் காசநோய் முகாம் போட்டுச் சளி எடுத்திருந்தார்கள். முடிவை டாக்டர் அடுத்த முகாமில் வந்து சொல்வார். சித்தேரி மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. அதனால் ஊருக்கு ஓர் ஆளைப் பிடித்து, முந்தின நாளே அந்த ஊர்ப் பட்டியல் முழுவதையும் அவர் போனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். பெயர் திறந்திருக்கும், முடிவு மட்டும் பூட்டியிருக்கும். டாக்டர் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும்.

பூட்டைப் போட்டது முதலாளி மாதவராஜ். யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்த ஒரு பூட்டு லைப்ரரியை இறக்கி, இரண்டு வரி எழுதி, முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார். அந்த லைப்ரரி எழுத்துகளைக் கட்டுக் கட்டாக வாங்கிப் படிக்க முடியாத குப்பையாக்கித் தரும். எந்த விதத்தில் பூட்ட வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், ஒரே கட்டுக்கு எப்போதும் ஒரே குப்பைதான். 'நெகட்டிவ்' இருந்த அத்தனை வரியிலும் அச்சடித்தது போல ஒரே குப்பை. வேறு மாதிரி இருந்த வரிகளை, அதாவது நோய் இருந்தவர்களை, விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதில் ஒரு வரி சின்னக்கா. சித்தேரியில் தேன்மொழியின் ஊர்க்காரி. போன வருஷம் சும்மா இருமினதற்கே குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அந்த ஊருக்குப் பட்டியல் போவது அர்ச்சுனன் போனுக்கு. அவன் வாயில் வெற்றிலை நிற்கும், சேதி நிற்காது.

"சார், இது பூட்டே இல்லீங்க," என்றாள், காலையிலிருந்து மூன்றாவது தடவையாக.

மாதவராஜ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேங்க்ல போடற அதே பூட்டும்மா."

"பூட்டு அதேதாங்க. போட்ட விதந்தான் தப்பு. வரிக்கு வரி வேற வேற எண்ணு ஒண்ணு கலந்து பூட்டணும். அப்பத்தான் ஒரே முடிவுன்னு வெளிய தெரியாது."

"கலந்தா பாசிட்டிவ் யார் யாருன்னு தேடற பட்டன் படுத்துக்கும். டாக்டர் அதத்தான் கேட்டாரு. நாளைக்கு முகாம். உங்காளுங்க மலைமேல தேன் எடுப்பாங்களா, எக்செல் பாப்பாங்களா?"

காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுச் சலித்த கிண்டல். கோபம் வந்தது, கத்தத்தான் தெம்பில்லை.

"சரிங்க, மலைய வுடுங்க. உங்கூரையே பாருங்க." கடத்தூர் என்று தட்டித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "மேலருந்து கீழ வரைக்கும் ஒண்ணு. இங்க மட்டும் வேற. எங்கிட்ட பாஸ்வேர்டு இல்லீங்க. ஆனா இந்தப் புள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

அந்தப் பெயர் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அவர் படித்தார். பிரியதர்ஷினி. அவருடைய அக்கா மகள். ஆவணியில் கல்யாணம் என்று போன வாரம்தான் ஆபீசுக்கு இனிப்பு வாங்கிவந்தார்.

"முன்னாலயே தெரிஞ்சி மாத்திரை சாப்புட்டுட்டுதான் இருக்குது, இது மறு டெஸ்ட்டு," என்றார் குரல் இறங்கி. "மாப்பிள்ள வூட்டுல சொல்லல. எங்கூர்ல பட்டியல் வாங்கற ஆளு அவங்களுக்குப் பங்காளி வேற. பட்டியல் போயிருச்சா?"

"சாயங்காலந்தானே அனுப்பச் சொன்னீங்க."

"அனுப்பாத. மாத்து."

"தேடற பட்டன்?"

"போவட்டும்மா."

"டாக்டர் திட்டுவாருங்க."

"நான் பேசிக்கறேன். நீ மொதல்ல மாத்து."

சின்னக்காவுக்காகக் காலையிலிருந்து தொண்டைத் தண்ணி வற்றக் கேட்டது, கடத்தூர் என்றதும் ஒரு நொடியில் நடந்துவிட்டது.

"சித்தேரிப் புள்ளையா மட்டும் இருந்தா அனுப்பியிருப்பீங்க, இல்லீங்களா?"

அவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேன்மொழி அந்த இரண்டு வரியை அழித்துப் புதிதாக எழுதி, அசல் முடிவுகள் இருந்த ஆஸ்பத்திரி சர்வரில் ஓடவிட்டாள். இப்போது எந்த வரியும் எந்த வரியைப் போலவும் இல்லை. சின்னக்காவும் பிரியதர்ஷினியும் கூட்டத்தோடு கூட்டமாகிவிட்டார்கள்.

கதவுக்குப் பின்னால் மாதவராஜின் குரல் கேட்டது. "ஆமாங்க டாக்டர், நானேதான் பாத்துப் புடிச்சேன். ஜனங்க விஷயமில்லீங்களா, அப்பிடி வுட்ற முடியுமா?"

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. அர்ச்சுனனுக்குப் பட்டியலை அனுப்பிவிட்டு, கண்ணை மூடி மேஜைமேல் தலையைச் சாய்த்தாள்.