ஒட்டாமல் விட்ட எல்போ

மனைவி ராஜாத்தி இறந்த ஒன்பதாம் நாள் குணசேகரன் கலீலுல்லாவுக்குப் போன் செய்தார். "பாய், மோட்டார் லைனை எவனும் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ வந்து பாரு. உன்ன வுட்டா வேற யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார்.

கலீலுல்லா முப்பது வருடமாக எலக்ட்ரீஷியன். தண்டையார்பேட்டையில் இருக்கிறார். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் குணசேகரனோடு இருபது வருடப் பழக்கம். ஐந்து வருடத்துக்கு முன் குணசேகரன் வியாசர்பாடியில் சின்னதாக ஒரு மாடி வீடு கட்டியபோது வயரிங் முழுவதும் கலீலுல்லாவின் கையால்தான் நடந்தது. இந்த ஐப்பசி மழையில், ஈரக்கையோடு மோட்டார் போடப்போன ராஜாத்தி சுவிட்சின் இரும்புப் பெட்டியில் கை வைத்தாள். கரண்ட் அடித்து அங்கேயே விழுந்தாள். மகள் சங்கமித்ரா சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கலீலுல்லா மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே துரு ஒழுகி இறங்கியிருந்தது. வயர்களைப் பெட்டிக்குள் கொண்டுவரும் பிளாஸ்டிக் பைப்பைக் கழற்றியதும் அதற்குள்ளிருந்து தண்ணீர் கொட்டி அவருடைய செருப்பை நனைத்தது. பின்பக்கம் எர்த் கம்பி அரித்து அறுந்து கிடந்தது. ஆனால் பைப்புக்குள் தண்ணீர் எப்படி வந்தது? அது மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பைப். அவர் மேலே ஏறினார்.

கைப்பிடிச் சுவரின் மூலையில் பைப் திரும்புகிற இடத்தில் செருகும் எல்போ என்ற வளைவுத் துண்டுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. தொட்டதும் எல்போ கையோடு வந்துவிட்டது. பைப் ஒட்டும் சொல்யூஷன் தடவியிருந்தால் அறுத்துத்தான் எடுக்க முடியும். இந்தப் பைப்பின் நுனியோ கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே வழவழப்பாக இருந்தது.

அந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. மறுநாள் காலை சங்கமித்ராவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. பொழுது சாய்வதற்குள் கரண்ட் கொடுத்துவிட வேண்டும். டப்பாவில் இருந்த சொல்யூஷன் கெட்டியாகிப் பசை மாதிரி திரண்டுவிட்டது. அந்தப் பெண் இரண்டு முறை மேலே ஏறி வந்து, "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் மாமா?" என்று கேட்டாள். அவர் எல்போவைச் சும்மா அழுத்திச் செருகினார். நாளைக்கு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் எண்ணூரில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அது ஞாபகம் வந்தது. கை கழுவியதும் மறந்துபோனது.

பையில் இப்போது புது டப்பா இருந்தது. ஒட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும். எர்த் கம்பி போய்விட்டது என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அதுவும் பொய் இல்லை. கீழே குணசேகரன் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பழக்கமில்லாத கை. தட்டு நழுவி விழுந்தது, எடுத்தார், மறுபடியும் விழுந்தது. கலீலுல்லா எல்போவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"குணா, இத பாரு. இத நான் ஒட்டல."

குணசேகரன் ஈரக்கையோடு அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

"மாடில இத ஒட்டாம சொருவிட்டுப் போய்ட்டேன். மழைத்தண்ணி இது வழியாத்தான் பொட்டிக்குள்ள எறங்கிகீது. எர்த்தும் போய்கீது. ஆனா தண்ணி வந்தது என்னாலதான்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சங்கமித்ரா எழுந்து வந்தாள். "அன்னிக்கு நாந்தான கரண்டு வோணும்னு உங்கள அவசரப்படுத்தினேன்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார் கலீலுல்லா. "கடை நாலு தெரு தள்ளிதான். தொறந்துதான் இருந்துது. நான் போவல. போயிருந்தா கால் மணி நேரம் லேட்டாயிருக்கும், அவ்ளோதான். நீ அத மனசுல வெச்சிக்காத."

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"ஸ்டேஷன்ல போய் சொல்லிட்றேன்" என்றார் கலீலுல்லா. குணசேகரன் எல்போவோடு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மேற்கே மறுபடியும் மேகம் கூடியிருந்தது.

"சொல்யூஷன் கீதா இப்போ?"

"கீது."

"ஒட்டு. வூட்ல பொண்ணு கீது."

இருவரும் மாடிக்குப் போனார்கள். கலீலுல்லா பைப் நுனியைத் துணியால் துடைத்து உலர்த்தினார். பைப்பின் மேலும் எல்போவின் உள்ளேயும் தடவி, செருகி, கால்வட்டம் திருப்பி, அழுத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் அசைந்தாலும் ஒட்டு பிடிக்காது. அதனால் குணசேகரன் குனிந்து எல்போவை அவர் கையோடு சேர்த்துப் பிடித்தார். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் முகத்தைப் பார்க்கவில்லை. பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் கையை எடுத்தார்.

கீழே பெட்டியை மாற்றி, எர்த் இழுத்து, சோதித்து முடிக்க மதியமானது. கிளம்பும்போது குணசேகரன் சொன்னார்: "நீ சொல்லாம போயிருந்தா, சாவற வரைக்கும் உன்ன நம்பினு இருந்திருப்பேன். இனிமே இங்க வராத பாய்."

கலீலுல்லா ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள், கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். காசிமேட்டில், திருவொற்றியூரில், நெட்டுக்குப்பத்தில் மாடி மாடியாக ஏறி இணைப்புகளை இழுத்துப் பார்த்தார். எதுவும் கையோடு வரவில்லை. எல்லாம் சரியாகவே ஒட்டியிருந்தன. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

மார்கழியில் ஒரு நாள் அவர் மனைவி பதுருன்னிசா தனியாக வியாசர்பாடிக்குப் போனாள். ராஜாத்தியும் அவளும் ஒரே ஜவுளிக்கடையில் துணி எடுப்பவர்கள். திரும்பி வந்தவள் புர்காவைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"உள்ள கூப்ட்டாங்களா?" என்று கேட்டார்.

"கூப்ட்டாங்க. அந்தப் பொண்ணு டீ போட்டுக் குடுத்துது. ரொம்ப எளச்சிப் போச்சி."

"வேற? என்னப் பத்தி எதாவது?"

"வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.