மிதிபட்ட பாத்தி

"பாத்தியில எறங்கி ஓடச் சொன்னது யாருடி? வரப்பு இருக்குது இல்ல?"

"யோவ், வரப்புல உன் அக்கா மவன் நின்னான்யா! அவனைக் கேளு மொதல்ல!"

முதலில் கத்தியவர் சடையப்பன். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். ஊரில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்புச் சொல்பவரும் அவரேதான். பதிலுக்குக் கத்தியவள் அவரிடம் உப்பு வாருகிற செல்லம்மாள். பெரியவரை 'யோவ்' போடுகிற அளவுக்கு அவள் வந்துவிட்டாள் என்றதும் தெரு மொத்தமும் உப்பளத்துக்கு வந்துவிட்டது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள் நான். சோறு குழைந்துபோனது வேறு கதை.

செல்லம்மாளுக்குப் பின்னால் அவள் மகள் வினோதினி நின்றாள். பிளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் சீட்டு கிடைக்கிற வரைக்கும் அம்மாவோடு வேலைக்கு வந்த பெண். தோளில் கிழிந்திருந்த ஜாக்கெட்டின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள். உள்ளங்காலை உப்பு அறுத்திருந்ததால் நிற்கமுடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

எதிரே மேஸ்திரி ராஜ்கமல். சடையப்பனின் அக்கா மகன். அவர் மகள் சரண்யாவுக்கு முறை மாப்பிள்ளை. மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தான். எறும்பு கடித்துவிட்டதாம். எங்கள் மரக்காணத்தில் எறும்பெல்லாம் நல்ல தீனி தின்கிறது போலிருக்கிறது.

நடந்தது இதுதான். எங்கள் அளத்தில் பொம்பளைகளுக்கு ஒதுங்க இடமில்லை. கொட்டகைக்குப் பின்னால் கருவேலம் புதருக்குத்தான் போகவேண்டும், போனால் ரெண்டு பேராகத்தான் போகவேண்டும். வினோதினிக்குத் துணை, கூட உப்பு வாருகிற ஜான்சி. அன்று காலையில் ஜான்சியைக் கடைசிப் பாத்தியில் உப்பு வாரச் சொல்லி அனுப்பினான் ராஜ்கமல். வினோதினி தனியாகப் போனாள். கொட்டகை மறைவில் அவன் அவளைப் பிடித்து இழுத்தான். அவள் கடித்தாள், உதறினாள், ஓடினாள்.

ஓடினவள் பாத்தியில் இறங்கி ஓடினாள். அதுதான் வம்பு.

உப்பு பூத்து நிற்கிற பாத்தியில் யாரும் கால் வைக்கக்கூடாது. வைத்தால் அடிச்சேறு கலங்கி உப்பு கறுத்துப்போகும். அதை வழித்துக் கொட்டிவிட்டு, தரையை மறுபடி காலால் மிதித்து இறுக்கவேண்டும். உயிரே போனாலும் வரப்பைச் சுற்றித்தான் போகவேண்டும் என்பது இங்கே வழக்கம். புருஷன் செத்துவிட்டான் என்று சேதி வந்த அன்றைக்குச் செல்லம்மாளே அப்படித்தான் போனாள். மாரில் அடித்துக்கொண்டு, ஆனால் வரப்பு மேலேயே. 'பொறுப்பான பொம்பளை' என்று சடையப்பன் அப்போது மெச்சினார்.

"ஜான்சி, நீ என்னாத்தப் பார்த்த?" என்றார் இப்போது.

ஜான்சி சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "அவ ஓடுறதைப் பார்த்தேங்க."

"இவன் தொரத்துனதை?"

"வெயில்ல உப்பு மின்னுச்சுங்க. கண்ணு கூசிடுச்சு."

"ஏண்டி, என் பொண்ணு ஓடுறது தெரிஞ்சுது, பின்னாடி அவன் வர்றது மட்டும் கூசிடுச்சா?" என்றாள் செல்லம்மாள். ரெண்டு பேர் சிரித்தார்கள். ஜான்சி சிரிக்கவில்லை.

சடையப்பன் வரப்பில் நடந்துபோய்ப் பாத்தியைக் காட்டினார். வெள்ளை உப்பில் ஒரே ஒரு காலடித் தடம், கோணல்மாணலாக, அங்கங்கே சிவப்புப் பட்டு, கடைசிப் பாத்தி வரை போனது.

"பாருங்கப்பா. இவ தடம் இருக்குது. என் அக்கா மவன் தடம் எங்க?"

அதற்கு வினோதினியே பதில் சொன்னாள். "வரப்புல வந்தாங்க. காய்ஞ்ச வரப்புல தடம் விழாது. அதுக்குத்தான் நான் பாத்தியில எறங்கினேன். உங்க பாத்தியில கால் வைக்க அவருக்குப் பயம். எறங்க மாட்டார்னு தெரியும்."

அவள் சொன்னது சரிதான். எல்லோருக்கும் அது சரியென்று தெரிந்தது. அதனால்தான் ஆளாளுக்குக் குனிந்து பாத்தியைப் பார்த்தார்கள்.

சடையப்பன் மட்டும் தலையாட்டினார். "கேட்டுக்கிட்டீங்களா? தெரிஞ்சேதான் மிதிச்சிருக்குறா."

தீர்ப்பு வந்தது. ஆம்பளைப் பையன் விளையாட்டாகக் கையைப் பிடித்திருக்கலாம், அதை அவர் வீட்டுக்குள் கண்டிப்பார். கெட்டுப்போன பாத்தியை மிதித்தவளே மிதித்துச் சரிசெய்யவேண்டும். இப்போதே, எல்லோர் முன்னாலும்.

அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில். பக்கத்தில் நின்ற ஒருத்தி 'ஐயோ' என்றாள். அவள் புருஷன் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

செல்லம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். மிதிக்கத்தான் இறங்குகிறாள் என்று நினைத்தோம். நிற்கவில்லை. நேராக நடந்தாள். அடுத்த பாத்தி, அதற்கடுத்தது, ஒரு வரப்பைக்கூடச் சுற்றவில்லை. மகள் வலியில் கத்தக் கத்த இழுத்துக்கொண்டு, உப்பு நொறுங்க நொறுங்க, ஈசிஆர் ரோடு வரைக்கும் போனாள். சடையப்பன் வரப்பில் நின்று கத்தினாரே தவிர இறங்கவில்லை. அவர் பாத்தியாச்சே. பஸ் வந்தது. ஏறிப் போய் மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ராஜ்கமல் கொஞ்ச நாள் உள்ளே இருந்தான். இளைத்து வந்தான். அதற்கு ஊரில் ரொம்பப் பேர் வருத்தப்பட்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. ஜான்சிக்குக் கோர்ட்டிலும் கண் கூசுகிறது. செல்லம்மாளுக்கு எந்த அளத்திலும் வேலை கிடைக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்துக்கு முறை வரவில்லை. ஆரோவில் பக்கம் ஒரு பேக்கரியில் மகளுக்கு வேலை கிடைத்ததும் ரெண்டு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். வினோதினி இப்போதும் கொஞ்சம் விந்தித்தான் நடக்கிறாளாம். காலேஜ் என்ன ஆச்சு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

கெட்ட பேரைக் கழுவ ராஜ்கமலுக்குச் சீக்கிரமே சரண்யாவைக் கட்டிவைத்தார் சடையப்பன். பந்தியில் மூணு வகை இனிப்பு.

போன மாசி மாசம் ஒரு காலை. அளத்தைப் பார்த்த எங்கள் வாசலைத் தெளிக்கும்போது பார்க்கிறேன், சடையப்பன் தனியாக, ஆள் வைக்காமல், தானே பாத்தியில் இறங்கி நின்று பலகையால் உப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அவர் மூடியது, அளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜ்கமல் வீட்டிலிருந்து இந்தப் பக்கம் அவர் வீட்டுக்கு வந்த ஒரு காலடித் தடத்தை. சின்னக் கால்.

"என்னாங்க, காலையிலேயே?" என்றேன் வரப்பு வரைக்கும் போய்.

"நாய் ஓடிடுச்சு" என்றார்.

பொழுது நன்றாக விடிவதற்குள் சரண்யாவைப் பைக்கில் உட்காரவைத்து, வரப்பு வழியாகவே, புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.