தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய அம்மா

கம்ப்யூட்டரை வைத்து நாட்டையே தூக்கி நிறுத்தப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. தூக்குகிற வேலை பயிற்சி மையத்தில் பாடம் நடத்துகிற அவள் தலையில் விழுந்தது. ஊரில் முந்நூறு பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழ் தர வேண்டும். மையத்தில் இருந்தவை நான்கு கம்ப்யூட்டர்கள், ஓடியது ஒன்று. மேலதிகாரியை எல்லோரும் டார்கெட் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆள் வரலைன்னா என்னம்மா? பேர் வரும்ல?" என்பார்.

கடைசி நாளில் ஒரு பெயர் குறைந்தது. அவள் தன் அம்மாவின் பெயரைச் சேர்த்து, பரீட்சையையும் தானே எழுதினாள். எல்லா மையத்திலும் நடப்பதுதான். இருபத்தைந்து கேள்விகளும் சரியாக இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒன்றை மட்டும் வேண்டுமென்றே தப்பாக அழுத்தினாள்.

மூன்று மாதம் கழித்து அம்மாவின் வலது கண்ணில் திரை விழுந்தாற்போல் ஆயிற்று. இடது கண் போய்ப் பல வருஷம். பத்து நாளுக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இதுவும் போய்விடும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் தேதி வாங்க இரண்டு வழி. ஆன்லைனில் போட்டால் நாலு மாதம் தள்ளித்தான் இடம். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கென்று ஒரு கவுண்டர் உண்டு. அங்கே சீட்டு வாங்கினால் அதே வாரத்தில் ஆபரேஷன்.

கவுண்டர்காரர் அம்மாவின் அடையாள அட்டை நம்பரைத் தட்டினார். புருவம் ஏறியது.

"அம்மா பெரிய படிப்பாளியாச்சே! தொண்ணூத்தாறு மார்க். என் பையனே வாங்கினதில்ல."

வரிசை சிரித்தது.

"சார், அவங்களுக்குக் கண்ணு தெரியல சார்," என்றாள் அவள்.

"பரீட்சை எழுதுறப்ப தெரிஞ்சிருக்கே. படிச்சவங்களுக்கு ஆன்லைன்தான். கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ண வந்தா நான் என்ன பண்றது?"

"பத்து நாள்தான்னு டாக்டரே எழுதியிருக்காரு சார்."

"டாக்டர் சொன்னா சிஸ்டம் கேக்குமா?" அவர் ஒரு தாளை நீட்டினார். "ஒரு வழி இருக்கு. இந்தப் பரீட்சைய வேற ஆள் எழுதினதுன்னு எழுதிக் குடுங்க. சான்றிதழ ரத்து பண்ணிட்டு இப்பவே சீட்டு தரேன். ஆனா யார் எழுதினதுன்னு பேர் போடணும். அவங்க மேல கேஸ் வரும், வேலையும் போயிடும். அதனால உங்களுக்கென்ன?"

அவள் பேனாவை எடுத்தாள். பெயர் என்று போட்டிருந்த கோட்டின் மேல் முனை வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கையை நீட்டித் தாளைத் தடவிப் பிடித்துக் கசக்கினாள்.

"எவ எழுதினா? நான்தான் எழுதினேன்."

"அப்படியா? மவுஸ்னா என்னம்மா?"

"தட்டுறது."

"அப்ப கீபோர்டு?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் தட்டுறதுதான்."

"சரிதான், பாஸ் போட்டது நியாயந்தான்!"

பின்னால் நின்ற ஒருவர் கைதட்டினார். அம்மாவும் கூடவே சிரித்தாள். அப்போதுகூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். கவுண்டரில் இன்னொரு தாள் இருந்தது. பேனா அவள் கையிலேயே இருந்தது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா, போகலாம்."

அடுத்த மாதம் ஊரில் நூறு சதவீதம் பேரும் கம்ப்யூட்டர் கற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. பத்திரிகைக்குப் படம் வேண்டுமாம். வயதில் மூத்த மாணவியைக் கூட்டிவரச் சொன்னார் டார்கெட் சார். அம்மாவை ஓடுகிற அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரவைத்து, கையை மவுஸ் மேல் எடுத்து வைத்தார்கள்.

"அம்மா, கேமராவப் பாருங்க," என்றார் படம் எடுப்பவர்.

அம்மா சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"முகத்தத் திருப்பி விடும்மா, நேரமாகுது," என்றார் டார்கெட் சார்.

அவள் குனிந்து அம்மாவின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"இப்பப் பாக்குறேனா பாப்பா?"

"பாக்குறம்மா."