சிக்னல் விழுந்த இடம்

புது வீட்டுக்குக் குடிவந்த வாரமே வைஃபை படுத்தத் தொடங்கியது. கூடத்தின் ஒரு கோடியில் ரவுட்டர் இருந்தது. மறுகோடியில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்த மனைவிக்கு இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. கணவன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் டெக்னீஷியன் வந்தார். சிக்னல் அளவு தெரியும் பக்கத்தைப் போனில் திறந்து, அதையே பார்த்தபடி கூடத்தில் நடந்தார். நட்டநடுவில் சிக்னல் சட்டென்று சரிந்தது.

"குறுக்க சுவர் இருந்தாதாம்மா இப்படி விழும்."

"நல்லா பாருங்க சார், வெறும் தரைதானே!"

"அதான் எனக்கும் புரியல. ரவுட்டர்ல கோளாறே இல்ல."

அவர் நடக்க நடக்க, சிக்னல் விழுந்த இடத்திலெல்லாம் அவள் சாக்பீஸால் கோடு போட்டாள். கோடுகள் கூடி ஒரு சின்ன அறையாயின. ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் சிக்னல் தடையில்லாமல் உள்ளே போனது.

டெக்னீஷியன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அங்க என் நாத்தனாரோட ரூம் இருந்துச்சு. அவங்க போய்ச் சேர்ந்ததும் இடிச்சுட்டோம். ஏம்மா, கதவு தட்டுற சத்தம் எதுவும் கேக்குதா?"

"இல்லையே."

"அப்ப சரி" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டாள்.

ரவுட்டரைத் தன் மேஜைக்கே மாற்றியதும் அவளுக்கு இணைப்பு சரியானது. விஷயத்தைக் கேட்டுக் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் கூடத்தைக் குறுக்கே கடந்து அவள் பார்க்கவில்லை. ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறான். ஏன் என்று கேட்டால், "நானா? நேராத்தானே வந்தேன்" என்கிறான்.