எவெர்ட்டின் பழைய பல் செட்

எவெர்ட்டின் மேல்வரிசைப் பல் செட் இருபது வருஷமாகப் போட்ட சத்தத்துக்கு கோத்தன்பர்க் நகரத்து டிராமே மிரண்டு ஒதுங்கும். பேசினால் டக், மென்றால் டக்டக். தும்மினால் செட் ரெண்டு தெரு தாண்டிப் போய் விழும். மறதி நோய் முற்றி முதியோர் இல்லத்தில் இருந்த அவர் மனைவி குன்வோருக்கு முகம், பெயர், கல்யாணம் எல்லாம் அழிந்த பிறகும் குதிரைக் குளம்பு போன்ற அந்த டக் மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்று மணிக் காபிக்குப் போய் அவர் வாயைத் திறந்ததும், "வந்துருச்சுடி என் குதிரை!" என்று நர்ஸிடம் கத்துவாள்.

ஆனால் ஈறெல்லாம் புண். கஞ்சியிலேயே காலம் தள்ளிய எவெர்ட், பலமாகக் காற்றடித்தால் டென்மார்க்கில் போய் இறங்கிவிடுவார் போல இளைத்துவிட்டார்.

"தாடை எலும்புல நாலு டைட்டானியம் திருகு வைப்போம். ஒட்டிப் பிடிக்க ஆறு மாசம். அப்புறம் புது செட்டை அதுல மாட்டுனா புயலுக்கும் ஆடாது," என்றாள் பல் மருத்துவர் இல்வா.

"சத்தம்?"

"பூனை நடந்த மாதிரி."

"கொஞ்சூண்டு ஆடுற மாதிரி வைக்க முடியாதா?"

சிரித்தவள், அவர் காரணத்தைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டாள். "ஆடுனா திருகு போயிடும், எவெர்ட். சாப்பிடலேன்னா நீங்களே போயிடுவீங்க. அப்புறம் அவங்களைப் பார்க்க யார் வருவா?"

திருகு ஒட்டும் வரை பழைய செட்டோடுதான் போய்வந்தார். அந்த ஆறு மாதமும் குதிரை குதிரையாகவே இருந்தது.

புது செட் மாட்டிய அன்று ஒரு பாக்கெட் கெட்டியான ரை தானிய ரொட்டியைக் கல் அரைக்கும் இயந்திரம் போலத் தின்று தீர்த்துவிட்டு, மூன்று மணிக்குப் போய் நின்றார்.

"குன்வோர்."

"யாரைப் பார்க்கணும்?" என்றாள் மரியாதையாக.

"நான்தான், எவெர்ட்."

"அவன் இன்னும் வரலையே."

சட்டைப்பையிலிருந்து பழைய செட்டை எடுத்து மேஜையில் தட்டினார். டக். டக்டக். அவள் முகம் விளக்குப் போட்டாற்போல மலர்ந்தது. அடுத்த நொடியே கறுத்தது.

"இது எவெர்ட்டோட பல்லாச்சே! எங்க திருடுனீங்க? பாவி, அவன் எதை வச்சு மெல்லுவான்?"

வெடுக்கென்று பிடுங்கி, கைத்துணியில் சுற்றி, மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கோபம் மறந்துபோயிற்று.

"நின்னுட்டே இருக்கீங்களே, உட்காருங்க. அவன் வந்துருவான். வந்தா நல்லா சிரிக்க வைப்பான்."

எவெர்ட் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.