காப்புக்குள் மாட்டிய டாக்டர்

கடைசி ஊசியைப் போட்டுக் கைகழுவிவிட்டு சிஹாபுதீன் சைக்கிளை எடுப்பதற்குள் ஊருக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அவனுக்கு அது தெரியவே தெரியாது. காளியம்மன் கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. பேதி கண்ட ஊரில் இது வேறா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே ஊசி காய்ச்சும் சட்டியை மூட்டை கட்டினான். சைக்கிள் ஊர் எல்லைக்கு வந்தபோது பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் தொங்கியது. அதற்குக் கீழே பூசாரி முத்திருளன் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய கயிறு.

காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் யார் இருந்தாலும், எட்டாம் நாள் பொங்கல் வைத்து முடிகிறவரை ராத்திரி வெளியில் தங்கக் கூடாதாம். விருந்தாளியானாலும் சரி, வளையல் விற்க வந்தவனானாலும் சரி. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். முத்திருளன் இதை அதட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தான் முஸ்லிம் என்று சிஹாபுதீன் நினைவுபடுத்திப் பார்த்தான். ஆத்தாளுக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார் பூசாரி.

"போறதுன்னா போங்க டாக்டரய்யா, யாரு மறிக்கப் போறா? ஆனா நாளைக்கு ஒருத்தனுக்குப் பேதி கண்டா, காப்ப மீறி டாக்டரு போனதாலதான்னு சொல்லுவாய்ங்க. பெறகு ஊசிக்கு ஒருத்தன் கைய நீட்ட மாட்டான்."

வசமாக மாட்டிக்கொண்டான். காலரா ஊசி ஒருதரம் போட்டால் போதாது, ஒரு வாரம் கழித்து இரண்டாவது போட வேண்டும். அதற்கு இவர்கள் கையை நீட்டாவிட்டால் இன்றைக்குப் பட்ட பாடெல்லாம் வீண். சைக்கிளைத் திருப்பினான். திருப்பும்போது நன்றாகவே எரிச்சல் வந்தது.

வராமல் என்ன செய்யும்? அவனுக்கு ரங்கூனில் கடை தயாராக இருந்தது. எல்.எம்.பி. டாக்டர் படிப்பை முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருஷக் கைப்பழக்கமும் முடியப்போகிற சமயம். சிக்கந்தர் மாமா முகல் தெருவில் இடம் பிடித்து, கண்ணாடி அலமாரியும் வாங்கிப் போட்டுவிட்டார். பொங்கல் முடிந்த மறுநாள் மதுரையில் ரயில் ஏறினால்தான் மதராஸில் கப்பலைப் பிடிக்க முடியும். அதைத் தவறவிட்டால் அந்த இடத்தைக் கேட்டு நிற்கிற இன்னொரு டாக்டருக்குக் கொடுத்துவிடுவதாக மாமா ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். முப்பத்தஞ்சாம் வருஷம் அது. உள்ளூரில் எல்.எம்.பி.க்காரனுக்கு என்ன வரும்படி என்பது ஊருக்கே தெரியும். மதுரைக் காஜிமார் தெரு வீட்டில் அம்மா ஹாஜரா அவன் பெட்டியை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வரும்படி மட்டும் காரணம் என்றால் அது பாதிப் பொய். போன கோடையில் அவனை ஆஸ்பத்திரியின் காலரா கொட்டகையில் போட்டார்கள். நுழைகிறவர்களின் பேரைக் கேட்டு எழுதுவதற்குள் அவர்களுக்கு நாக்கு வறண்டுவிடும். காலையில் பார்த்தவரின் கட்டிலில் சாயந்தரம் வேறொருவர் படுத்திருப்பார். எங்கிருந்து வந்தார்கள், எதைக் குடித்தார்கள், யாரை விட்டுவிட்டு வந்தார்கள், ஒன்றும் தெரியாது. அவனோடு படித்தவர்கள் எல்லாரும் அந்தக் கோடையில்தான் தங்கள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டார்கள். ஒருவன் கண் வைத்தியம் என்றான், ஒருவன் படிப்பையே மூட்டை கட்டிவிட்டு மாமனாரின் பஞ்சுப்பேட்டைக்குப் போய்விட்டான். சிஹாபுதீனுக்கு ரங்கூன் பிடித்தது. இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டு காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாம். கொள்ளைநோய் வந்தால் அது முனிசிபாலிட்டி பாடு. பயந்தான், அவ்வளவுதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்தப் பயத்தோடுதான் கடைசி டூட்டியாகத் திருமங்கலத்துக்கு மேற்கே இந்தக் குடியிருப்புக்கு வந்திருந்தான். எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். மேலத்தெருக்காரர்களின் கிணற்றில் இவர்கள் வாளி இறக்கக் கூடாது என்பதால் தாங்களே பாறையை உடைத்து ஒரு கிணறு தோண்டியிருந்தார்கள். வந்த அன்றே அதில் கிருமியைக் கொல்லும் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினான். தங்க நேர்ந்த பிறகு தினமும் பொழுது சாய அவனே ஊற்றினான். விடிந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில் கிடக்கும். புத்தகத்தில் போட்டபடியே இருக்கிறதே என்று அவனுக்கு ஒரே பெருமை.

சாவடியில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவன் தொழுகிற நேரத்தில் பக்கத்தில் யாரும் கொட்டடிக்கவில்லை. முதலில் ஊசிக்காரர் என்றார்கள், பிறகு நம்ம டாக்டரு என்றார்கள். வீட்டுக்கு வீடு குனிந்து நுழைந்ததில் அவனுக்கு யார் வீட்டில் பானை எங்கே இருக்கிறது, யார் முகந்து குடித்த செம்பைத் திரும்பப் பானைக்குள் போடுகிறார் என்பதெல்லாம் தெரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வருஷத்தில் இப்படி ஒரு சங்கதி அவன் கண்ணில் பட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஊர்ச் சோணையம்மாள் பேதி கண்டு செத்துப்போனாள். கிழவி இல்லை, பேரன் பேத்தி எடுக்காத வயசு. அடுத்த நாளே கொட்டுக்காரன் சின்னானுக்கும் கண்டது. சிஹாபுதீன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கிணறு சுத்தம், ஊசி போட்டாயிற்று, வெளியிலிருந்து ஆளும் வரவில்லை. பிறகு எந்த வழியாக வருகிறது இந்தச் சனியன்?

பேதிக்காரனுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று சின்னான் வாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அவன் பெண்சாதி செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். நரம்புக்குள் உப்புநீர் ஏற்ற ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குடுவை இருந்தது, இங்கே அகப்பையும் கஞ்சியும்தான். சிஹாபுதீன் கஞ்சித் தெளிவில் உப்புப் போட்டு வாயில் விட்டான். வெளியே வந்தது, மறுபடியும் விட்டான். கை கடுத்தபோது செல்லத்தாய் அகப்பையை வாங்கிக்கொண்டாள். அப்புறம் இருவரும் மாறி மாறி விட்டார்கள், விடியுமுன் அவள் குடத்தோடு ஒருதரம் போய்வந்ததைத் தவிர.

காலையில் முத்திருளன், தினமும் வீடுகளுக்குக் கொடுக்கிற தீர்த்தச் சொம்போடு வந்தார். நோயாளிக்கு, அவன் பெண்சாதிக்கு என்று கொடுத்துவிட்டு, காப்புக்குள் இருப்பவர் என்பதால் டாக்டருக்கும் நீட்டினார். மறுக்க மனசு வராமல் சிஹாபுதீன் உள்ளங்கையில் வாங்கினான். குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் பளிச்சென்று தெளிவாக இருந்தது. ஒரு துளி ரோஜா நிறம் இல்லை.

இது எந்தத் தண்ணி என்று கேட்டான். கண்மாய்த் தண்ணி என்றார் முத்திருளன், கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. கிணற்றுத் தண்ணீர் ரத்தம் கலந்த மாதிரி இருக்கும்போது அதை ஆத்தாள் கரகத்தில் எப்படி ஊற்றுவது? அதனால் விரதம் இருக்கிற செல்லத்தாய்தான் தினமும் விடியுமுன் கண்மாய்க்குப் போய் எடுத்து வருகிறாள். வைகாசி வெயிலில் கண்மாயில் கிடந்தது முழங்கால் அளவு. தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வைத்துத்தான் கரகத்தில் ஊற்றினோம் என்று பெருமையாகச் சொன்னார் பூசாரி. மாடு இறங்குகிற கண்மாய் அது. பேதி கண்டவர்களின் துணியை அலசுகிற கண்மாயும் அதுதான்.

சிஹாபுதீனுக்கு வழி தெரிந்துவிட்டது. சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் செல்லத்தாய் அகப்பையைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோணையம்மாளுக்குக் கொடுத்த தீர்த்தத்துக்குத் தண்ணீர் சுமந்து வந்தவள் அவள். இப்போது புருஷனுக்கும். சாகிறவரை அவள் மனசில் இது கிடந்து அரிக்குமே. ஆஸ்பத்திரியாக இருந்தால் நோய்க்காரணம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பான். இங்கே அடுத்த கட்டில் என்று ஒன்று இல்லை.

"தப்பு என்னோடது" என்றான் முத்திருளனிடம், அவளுக்கும் கேட்கிற மாதிரி. "உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம ஆத்தா தண்ணியக் கலராக்கிப்புட்டேன். அத வச்சுத்தான் நீங்க கண்மாய்க்குப் போக வேண்டியதாப் போச்சு. இனிமே கண்மாய்த் தண்ணி ஆகாது. காய்ச்சித்தான் எடுக்கணும்."

பொய்யில்லை, அவன் தப்பும்தான். ஆத்தாளே உக்கிரமாக இருக்கிறாள், அவளைக் குளிரவைக்கத்தான் இந்தக் கரகமே, அதில் சுடுதண்ணியா என்றார் முத்திருளன். செல்லத்தாய்தான் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"முந்துன நாளே காய்ச்சிப் புதுப்பானையில மூடி வச்சா, விடியிறதுக்குள்ள குளுந்துரும்ல மாமா."

முத்திருளன் ஆத்தாளிடம் பூப்போட்டுக் கேட்டார். சம்மதம் என்று வெள்ளைப்பூ வந்தது. அதில் அவர் கை எவ்வளவு, ஆத்தாள் கை எவ்வளவு என்று ஆராய யாருக்கும் அக்கறையில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேருக்குக் கண்டது, இருவரும் பிழைத்தார்கள். சின்னானும் கண்ணைத் திறந்து, கொட்டை யார் அடிக்கிறார்கள், தாளம் தப்புகிறதே என்று வைதான். பொங்கல் வைத்த அன்று எல்லாரும் இரண்டாம் ஊசிக்குக் கையை நீட்டினார்கள். முத்திருளன் முதல் ஆளாக நின்றார். சாயந்தரம் தோரணத்தை அவிழ்த்தார்கள். சிஹாபுதீன் விடுதலையாகிவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் சுலைமான் ஒற்றைமாட்டு வண்டியோடு வந்துவிட்டான். அவனுக்குத் தோல் வியாபாரம். பேச்சு குறைவு. தம்பியின் பெட்டியும் அம்மா கட்டிக் கொடுத்த சோற்று மூட்டையும் வண்டியில் இருந்தன. சாவடிக்கு வந்தவன் அங்கே கூடியிருந்தவர்களைப் பார்த்து மறுபடியும் பேதியா என்று பயந்துபோனான். பேதியில்லை. காதில் சீழ் வடிகிற பிள்ளை, பல வருஷமாக ஆறாத கால்புண், இருட்டினால் கண் தெரியாத ஒச்சாயி, பேறு தப்பிப் போய்க்கொண்டே இருக்கிற ஒரு பெண். இத்தனை நாள் காலரா மட்டுந்தான் பார்ப்பார் என்று சும்மா இருந்திருக்கிறார்கள். இதெல்லாமும் டாக்டர் பார்ப்பாராம் என்று செல்லத்தாய் யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

சுலைமான் சூரியனைப் பார்த்தான். இப்போது கிளம்பினால் ரயில் கிடைக்கும். சிஹாபுதீனும் சூரியனைப் பார்த்தான். ரங்கூன் வேண்டாம் என்று அவன் முடிவு செய்துவிடவில்லை, அதுதான் உண்மை. அவனுக்கு அந்தக் கண்ணாடி அலமாரியின் மேல் இப்போதும் ஆசை இருந்தது. காலரா இன்னொரு கோடையில் திரும்பி வரும் என்கிற பயமும் இருந்தது. ஆனால் வந்தால் எந்த வீட்டுப் பானையை முதலில் பார்ப்பது என்று தன்னையறியாமல் யோசித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா சிஹாபு, வாரியா இல்லையா?"

"இந்தப் புள்ள காத மட்டும் பாத்துட்டு வாரேண்ணே."

பிள்ளையின் காதைத் துடைத்து முடித்தபோது கால்புண்காரன் தானாகவே துணியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தான். நாற்றம் தாங்காமல் பக்கத்திலிருந்தவர்கள் விலகினார்கள். சிஹாபுதீன் குனிந்தான். சுலைமான் கொஞ்ச நேரம் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நுகத்தடியைத் தூக்கி மாட்டை அவிழ்த்தான். அது நாலடி தள்ளிப் போய், சாவடி நிழலில் முன்னங்காலை மடித்துப் படுத்துக்கொண்டது.