மீதி ஆறு பேர்

பெயர் அசார். வயது இருபத்துமூன்று. இருப்பது கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் ஒரு மாடி அறை. என்னோடு இன்னும் மூன்று பேர். மெஹ்னாஸ் லாத்தா, தம்பி தன்னையே அறிமுகம் செய்துகொள்கிறானே என்று சிரிக்காதே. இந்த மெயிலை நீ பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுப்பாய். வாப்பா படிப்பார், ஷாகுல் மாமா படிப்பார், மாமா வழியாகக் கடையநல்லூரில் பாதித் தெரு படிக்கும். அதனால் எல்லோருக்கும் விளங்கும்படி முதலிலிருந்தே சொல்கிறேன்.

வாப்பா வைத்த கெடு உங்களுக்குத் தெரியும். இந்த மாதத்துக்குள் வேலை நிரந்தரமானால் நான் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் பாஸ்போர்ட் மாமா கைக்குப் போகும். நான் சவூதியில், தம்மாமில் இருக்கும் மாமாவின் கடையில் நிற்க வேண்டும். போன வாரம் போனில், "வெள்ளிக்கிழமை பெர்மனன்ட் ஆர்டர் தர்றாங்க வாப்பா" என்று சொன்னேன். உம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்களாம். இப்போது வெள்ளிக்கிழமை ஆர்டர் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மெயில்.

எங்கள் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. முதலாளி ஜீவானந்தம் சார், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் என்று கொடுத்தால், பன்னிரண்டு பேருக்கு ஒரு வேன் என்று அது ஒதுக்கும். பன்னிரண்டு சேராமல் மீதி நிற்கிறவர்களைக் கடைசியாக வரும் ஒரு வண்டியில் போடும். பைத்தான் என்ற மொழியில் எழுதியது. அந்த மொழிக்கு இப்போது மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பில் எழுதியதை அது அப்படியே ஏற்றுக்கொள்ளாது. மாற்றித் தருவதற்கென்று ஒரு கருவி உண்டு. அதனிடம் பழையதைக் கொடுத்தால் தானாகவே புதியதாக எழுதித் தரும்.

கருவி சரியாக மாற்றியதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பழைய புரோகிராமுக்கும் புதியதற்கும் ஒரே எண்ணிக்கைகளைக் கொடுப்பேன். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். எண்ணிக்கைகளைப் படப்பையில் வேன் காண்டிராக்ட் எடுத்திருக்கும் பக்தவச்சலம் ஆபீஸிலிருந்து வாங்கினோம். இரண்டு வருடத்தில் அவர்கள் நாள்தோறும் பதிந்தவை. ஒன்றுவிடாமல் ஓட்டினேன். ஒரு இடத்தில்கூட வித்தியாசம் இல்லை.

"ஜீரோ டிஃபரன்ஸ்! வெள்ளிக்கிழமை ஆர்டர் வாங்கிக்கடா" என்றார் சார். அன்றைக்கே பக்தவச்சலத்துக்கு மெயிலும் போட்டுவிட்டார்.

வேலையில் எனக்கு மேலே இருக்கும் சத்யபிரியா அக்கா, "ட்ரீட் உண்டுல்ல அசார்? பஸ் ஸ்டாண்டு டீயெல்லாம் ஒத்துக்க மாட்டேன். பிரியாணி" என்றார்.

புதன்கிழமை, புதிய புரோகிராமைப் படப்பை ஆபீஸில் போட்டுவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மேற்குத் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்று பார்த்தேன், வரவில்லை. பக்தவச்சலத்தின் வேன் ஒன்று முடிச்சூர் ரோடு வழியாகத்தான் போகும் என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தினேன். மதிய ஷிப்டுக்குப் போகிற பெண்களால் உள்ளே எல்லா சீட்டும் நிறைந்திருந்தது.

"அண்ணா, சீட் இல்லியே" என்றேன். டிரைவர் பெயர் சவுரிமுத்து.

"சீட்டு இன்னாத்துக்கு? என்ஜின் மேல பலகை கீது பாரு. குந்து."

பலகையில் ஏற்கெனவே ஓர் அக்கா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார். அவர் பெயர் கனகவல்லி என்று பிறகு தெரிந்தது.

"கம்பெனிக்குப் புதுசா தம்பி?"

"இல்லக்கா. வேன் கணக்குப் போடுற கம்ப்யூட்டரைப் பார்க்கப் போறேன்."

"அதுல நான் வர மாட்டேன்பா. நான் பதிமூணாவது ஆளு" என்றார்.

சவுரிமுத்து அண்ணன் சிரித்தார். "பன்னெண்டுக்குத்தான் பர்மிட்டு. பலகையில குந்துறவங்க கணக்குல இல்ல. நாலு வண்டி போச்சுன்னா நாப்பத்தெட்டுன்னு எழுதுவாரு எங்க ஓனரு. எவன் வந்து தலைய எண்ணப் போறான்?"

"அடுத்த மாசத்துலேர்ந்து எண்ணப் போறாங்கல்ல?" என்றார் கனகவல்லி அக்கா.

"ஆமா, அது ஒரு பேஜாரு. இனிமே கம்பெனியே ஆளு எண்ணி அனுப்புமாம். பலகையக் கயட்டணுமாம்."

"அப்ப நான் எதுல வர்றது? உன் தலை மேல குந்திக்கினு வரவா?"

"கடைசியா மிச்ச வண்டி ஒண்ணு வருமாமே! எங்க நிக்கணும், எத்தினி பேருன்னு கம்ப்யூட்டரே சொல்லுமாம். இன்னா தம்பி, கரெக்டா சொல்லுமா?"

"சொல்லும்ணா" என்றேன்.

மண்ணிவாக்கம் தாண்டியபோதுதான் அந்த நாற்பத்தெட்டு எனக்கு உறைத்தது. நான் ஓட்டிய எண்ணிக்கைகள் எல்லாம் கண்முன்னால் வந்தன. பன்னிரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு. மனதிலேயே சரிபார்க்க வசதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருந்தேன். அவற்றில் ஒருநாள்கூட மீதி விழுந்ததில்லை. மீதி ஆட்களுக்காக சார் எழுதிய பகுதியை இரண்டு வருடமாக யாரும் தொட்டதில்லை, நானும் தொடவில்லை.

படப்பை ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எதையும் மாற்றுவதற்கு முன்னால், பழைய புரோகிராமில் முப்பது பேர் என்று போட்டேன். இரண்டு வேன், மீதி ஆறு பேர் என்றது. என் பென்டிரைவிலிருந்து புதியதை ஓட்டி அதே முப்பதைப் போட்டேன். இரண்டு வேன், மீதி பூஜ்யம் என்றது. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆறு பேர் காணாமல் போயிருந்தார்கள்.

காரணம் எளிது. முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் பழைய பதிப்பு இரண்டு என்று முழு எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். புதியது இரண்டரை என்னும். இரண்டரை வேனில் முப்பது பேரும் ஏறிவிட்டார்கள், மீதி யாருமில்லை என்று கணக்கு முடிந்துவிடும். திரையில் காட்டும்போது அரையை வெட்டிவிட்டு இரண்டு என்று காட்டும். வகுத்தல் குறியை அந்தக் கருவி தொடுவதே இல்லை. எழுதியவர் மனதில் முழு எண் இருந்ததா, பின்னம் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. பதிமூன்று போட்டுப் பார்த்தேன். மீதி பூஜ்யம். அது கனகவல்லி அக்கா.

போடச் சொன்னதைப் போட்டுவிட்டு வந்தால் வெள்ளிக்கிழமை ஆர்டர் கையில் இருக்கும். அடுத்த மாதம்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வேனில் கேட்டவரிடம், கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆபீஸுக்குப் போன் செய்தேன். சத்யபிரியா அக்கா போனை சாரிடம் கொடுத்தார்.

"ஜீரோன்னு மெயில் போட்டு நாலு நாள் ஆச்சுடா. இப்ப வந்து என்ன சொல்ற?"

"சார், முப்பதுன்னு போட்டுப் பாருங்க."

தட்டுகிற சத்தம் கேட்டது.

"வண்டிய ரெண்டரையா எவன்டா ஓட்டுவான்?" என்றார். அப்புறம், "இந்த மாதிரி எத்தனை எடத்துல வகுத்திருக்கேன்?"

"தெரியாது சார். பார்க்கணும்."

"புதுசைப் போடாதே. பழசே ஓடட்டும். கெளம்பி வா."

திரும்பி வந்தபோது அக்கா தேட ஆரம்பித்திருந்தார். வகுத்தல் வரும் இடங்கள் நிறைய. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்ற முடியாது; டீசல் சராசரி போடும் இடத்தில் பின்னம் வேண்டும், ஆள் எண்ணும் இடத்தில் கூடாது. ஒவ்வொன்றையும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாரிடம் தயங்கித் தயங்கி வெள்ளிக்கிழமை பற்றிக் கேட்டேன்.

"வேலை முடியாம ஆர்டர் எப்படிடா? ரெண்டு வாரம். முடிச்சிட்டு வாங்கிக்க."

"எழுதிக் குடுப்பீங்களா சார்?"

"கிண்டலா? போய் வேலையப் பாரு" என்றார். கோபமா, விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு அக்கா, "பயப்படாதே. நீ போயிட்டா இதை நான் ஒருத்தியா பார்க்கணும், உன்னை விடவே மாட்டேன். முதல்ல புது டெஸ்ட் எழுது. நல்ல நம்பரே வேணாம். ஒண்ணு, பதிமூணு, நாப்பத்தேழு, யாருமே வராத நாள், எல்லாத்தையும் போடு" என்றார். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் ஆர்டர் நிச்சயம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது லாத்தா. வேலை முடிந்துவிடும் என்று சொல்ல முடியும்.

பாஸ்போர்ட் பீரோவில் உம்மாவின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை இன்றைக்கே எடுத்து உன்னிடம் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை மாமா கேட்டால், இரண்டு வாரம் பொறுக்கச் சொல். வாப்பாவிடம் இதை முழுவதும் படிக்கக் கொடு.